நன்றியுரை தாணுலிங்கம்

எங்கள் நூலகத்தில் வருடா வருடம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்ஜெட் கருத்தரங்கு நடக்கும். பாறசாலையிலிருந்து எல்லைப் பக்கமாகப் போகிற வழியில் ஒரு சர்ச், ஒரு அம்மன் கோவில், ரேஷன் கடை, ரப்பர் ஷீட் எடுக்கிற கடை, அதற்கப்புறம் நாங்கள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ்நாடு. இவ்வளவு சின்ன இடத்துக்கு எதற்குப் பட்ஜெட் கருத்தரங்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேரளத்தில் ஒரு நூலகத்தில் புத்தகம் இல்லாவிட்டால் மன்னித்துவிடுவார்கள், கருத்தரங்கு இல்லாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வருவார். நிதிப் பற்றாக்குறை, மத்திய அரசு தர வேண்டிய பங்கு, மூலதனச் செலவு என்று மலையாளத்தில் கொட்டித் தீர்ப்பார். முன்வரிசைப் பென்ஷன்காரர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசைப் பெண்கள் வீட்டுக்குப் போய்க் கிழங்கு அவிக்க வேண்டுமே என்ற யோசனையில் இருப்பார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் லிஷா, அந்த நூலகத்தின் நூலகர். புத்தகம் எடுத்துத் தருவதிலிருந்து மைக் செட்டைத் தட்டி உயிர்ப்பிப்பது வரை எல்லாம் என் தலையில்தான்.

இந்தக் கருத்தரங்குகளுக்கு ஒரு முறை உண்டு. வரவேற்புரை, தலைமையுரை, தொடக்கவுரை, வாழ்த்துரை என்று ஒரு கூட்டம் பேர், கடைசியில் நன்றியுரை. "அடுத்ததாக நன்றியுரை" என்ற அறிவிப்புக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள், வெளியே டீயும் உளுந்து வடையும் தயார் என்பதுதான். நாற்காலிகள் கரகரவென்று நகரும். வாழ்த்துரை சொன்னவர்களே முதலில் எழுந்து ஓடுவார்கள். முற்றத்துத் தென்னையில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரையும் அந்த நேரத்தில் அணைத்துவிடுவேன். வடை தின்கிறவர்களுக்கு எதற்குத் தொந்தரவு? காலி நாற்காலிகளைப் பார்த்து, அவற்றில் அதுவரை உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி கூறுகிற மனிதர் ஒருவர் எங்களுக்கு உண்டு. அவர்தான் தாணுலிங்கம்.

பாறசாலையில் அவருக்கு ஹார்டுவேர் கடை. கூரை ஷீட், பெயிண்ட், குழாய், ஆணி. வியாபாரம் சுமார்தான், ஆனால் வேட்டி சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. தாத்தா நெய்யாற்றின்கரை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அப்பாவும் அங்கேயே குமாஸ்தா.

"எங்க அப்பா எழுதின கடலாசில தாசில்தார் ஒரு புள்ளி மாத்தினது கெடயாதாக்கும், கேட்டியா மக்கா" என்று ஆணி வாங்க வந்தவர்களிடமும் சொல்வார். எழுத்துத் தெரிந்த குடும்பம் என்ற பெயர்தான் அவர் பெரிதாக மதித்த சொத்து. அப்படிப்பட்ட மனிதருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.

பேச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மலையாளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் தெரியாது. அதற்கு அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு இதுவும் அந்தப் பக்கம் போய்விடும் என்று குமாஸ்தா அப்பா சாகும் வரை நம்பினார். அந்த நம்பிக்கையில் மகனைத் தமிழ்ப் பிரிவில் சேர்த்தார், மலையாளப் பத்திரிகையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாக வந்த மலையாளத்தை மகன் எப்படியோ ஒப்பேற்றித் தாண்டினார். ஊர் எங்கேயும் போகவில்லை. தாணுலிங்கமும் வெளியே சொல்லவில்லை.

எனக்கு இது வெகு நாளாகத் தெரியும். நன்றியுரைக்காக அவர் கையில் வைத்திருக்கும் தாளில் மலையாள வார்த்தைகள் தமிழ் எழுத்தில் இருக்கும். காலையில் நூலகத்துக்கு வந்து மலையாளப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். பக்கம் பக்கமாகப் புரட்டுவார். முதல் பக்கத்துக் கேலிச்சித்திரத்தைப் பார்த்து மற்றவர்கள் எல்லாம் சிரிக்கும் நாளில் அவர் மட்டும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பார். வீட்டுக்குப் போய், நாகர்கோவிலில் அச்சாகி வருகிற தமிழ்ப் பத்திரிகையைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிப்பார். நான் ஒருநாளும் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. ஒரு மனிதன் மூடி வைத்திருப்பதைத் திறந்து பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

போன வருடக் கருத்தரங்கன்று நெய்யாற்றின்கரையில் ஏதோ ஊர்வலம். பேராசிரியரின் கார் அதில் மாட்டிக்கொண்டது. கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. நூலகத் தலைவர் ராஜதாஸ் கையைப் பிசைந்தார், பிறகு தாணுலிங்கத்தைப் பார்த்தார்.

"தாணண்ணே, அந்த புரொபசர் சாரு வாறது வரை நீங்க தமிழ்ல கொஞ்சம் பட்ஜெட்டப் பத்திச் சொல்லுங்க. பொம்பளைகளுக்கும் என்னமாவது புரியட்டு."

அந்த நேரத்தில் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ வருடங்களாகக் காலி நாற்காலிகளிடம் பேசியவருக்கு நிறைந்த சபை கிடைத்துவிட்டது. ராஜதாஸ் பேராசிரியரைக் கூட்டிவர ஸ்கூட்டரில் கிளம்பினார். நான் வாசலில் நின்று போனில் காரோட்டிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே கைதட்டல் கேட்டது. தாணண்ணனுக்கா கைதட்டல் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அவர் என்ன பேசினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தமிழ்ப் பத்திரிகையில் பட்ஜெட் செய்தி எங்கே கண்டாலும் கத்தரித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைப்பது அவர் வழக்கம். தலைப்பை விட்டுவிடுவார், தேதியை விட்டுவிடுவார், கட்டம் கட்டிய பகுதியை மட்டும் வெட்டுவார். கேரள பட்ஜெட் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாகர்கோவில் பத்திரிகை அதை ஒரு மூலையில் போட்டிருந்தது. அந்த வாரம் தமிழ்நாட்டு பட்ஜெட் வந்தது. அது பக்கம் பக்கமாக வந்திருந்தது. இரண்டு அரசாங்கமும் ஒரே கவருக்குள் சேர்ந்துவிட்டன. எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி நடக்கும்.

அவர் வாசித்த துண்டுகளில் ஒன்று இது. சொந்த மண்ணில் இடிந்த வீட்டில் இருக்கும் விதவைகளுக்கு அரசே காங்கிரீட் வீடு கட்டிக் கொடுக்கும். ஆனால் வீடு பழுதுபார்க்க ஏற்கெனவே உதவி வாங்கியவர்களுக்கு அது கிடையாது. மற்றவர்கள் கைதட்டியதோடு மறந்துவிட்டார்கள், பின்வரிசையில் இருந்த ஷிஜி மறக்கவில்லை.

ஷிஜிக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். கணவன் ரப்பர் வெட்டுத் தொழிலாளி, மஞ்சள் காமாலையில் போய்விட்டான். மகள் ஷெமி காஞ்சிரங்குளத்தில் படிக்கிறாள். ஷிஜி தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போவாள். நூலகத்தில் கூட்டம் என்றால் நாற்காலி போட, எடுக்க அவளைத்தான் கூப்பிடுவோம். அவள் வீட்டில் சமையலறைப் பக்கம் கூரைச் சட்டங்களைக் கறையான் தின்று, ஓடுகள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அந்த வருடம் பஞ்சாயத்தின் வீடு பழுதுபார்க்கும் உதவிக்கு அவள் பெயர் வந்திருந்தது. பல வருடம் காத்திருந்து வந்த பெயர்.

கருத்தரங்கு முடிந்து சில நாளில் கிராமசபை பள்ளிக்கூடத்தில் கூடியது. வார்டு மெம்பர் ஜிஜா நல்ல பெண், குரல்தான் கொஞ்சம் பெரிது. பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தாள். ஷிஜியின் பெயர் வந்ததும் ஷிஜி எழுந்து நின்றாள்.

"எனக்கு வேண்டாம் மெம்பரே. வேற ஆருக்காவது குடுங்க."

சபை திரும்பிப் பார்த்தது. கிடைப்பதை வேண்டாம் என்று சொன்ன ஆளை எங்கள் கிராமசபை அதுவரை கண்டதில்லை.

"அதென்ன சேச்சி? வீடு ஒழுகுதுல்லா?"

"எனக்க தம்பி டெனில் மஸ்கட்டுல இருக்கான்லா. அவன் சரியாக்கித் தாறேன்னு சொல்லியிருக்கான்."

டெனில் மஸ்கட்டில் இருப்பது உண்மை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் அக்காவை மறந்துவிட்டான் என்பதும் உண்மை. புது வீடு வருகிறது என்ற விஷயத்தை அவள் வாயிலிருந்து விடவில்லை. சொன்னால் நாலு பேர் முந்திக்கொள்வார்களே என்ற பயம். அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் சட்டியையும் பானையையும் தரையில் வரிசையாக வைத்து ஒழுகல் தண்ணீர் பிடித்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். அவள் பெயர் வெட்டப்பட்டு, அடுத்த பெயர் ஏறியது.

தாணுலிங்கம் அங்கேதான் இருந்தார். ஷிஜி ஏன் மறுத்தாள் என்பது அவருக்குப் புரிந்தது. தன் பேச்சைக் கேட்டு ஒருவர் ஒரு காரியம் செய்திருக்கிறார் என்று அவருக்குள் ஒரே குளிர்ச்சி. அன்று சாயங்காலம் நூலகத்தில் என்னிடம், "பேசினா பிரயோஜனம் உண்டு மக்கா" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மழைக்கு முன்னால் ஷிஜி புது வீட்டுக்கு விண்ணப்பம் கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். அங்கே ஒரு பையன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தான், பக்கத்துக்காரனிடம் கேட்டான், பிறகு சிரித்துவிட்டான்.

"சேச்சி, அது தமிழ்நாட்டு பட்ஜெட்டாணு. களியக்காவிளை தாண்டிப் போயி கேக்கணும்."

அங்கிருந்து நேராக நூலகத்துக்கு வந்தாள். தாணுலிங்கம் மலையாளப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. வெயிலில் நடந்து வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, பஞ்சாயத்துல அப்படி ஒரு வீடு இல்லன்னு சொல்லுதாங்க. அவங்களுக்குத் தெரியல்லியா இருக்கும். நீங்க வாசிச்ச காரியத்த ஒண்ணு எடுத்துத் தாருங்க, கொண்டு காட்டுதேன்."

"அதுக்கென்ன, தாறேன்" என்று அவர் பையைத் துழாவினார். கவரிலிருந்து துண்டை எடுத்தார். அதில் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. ஷிஜி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்து அலமாரியைக் காட்டி என்னிடம், பட்ஜெட் வந்த நாளின் மலையாளப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. அவர் தினமும் கை வைத்துச் சாய்ந்து உட்காரும் அலமாரியிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை என்னிடம் நீட்டவில்லை. மரியாதையாக அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"இதுல எங்க உண்டுன்னு காட்டித் தாருங்கண்ணே."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலை முதல் வரியில் வைத்தார். விரல் ஒவ்வொரு பத்தியாக இறங்கியது, அடுத்த பக்கம் போனது, திரும்ப வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. நான் வாங்கிப் பார்த்துச் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் கையைப் பத்திரிகையிலிருந்து எடுக்கவே இல்லை. காது மடல் சிவந்துவிட்டது. ஷிஜி முதலில் பத்திரிகையைப் பார்த்தாள், பிறகு விரலைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு இது வாசிக்கத் தெரியாதா?"

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் பரவாயில்லை. குழந்தையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான்தான் பத்திரிகையை இழுத்து முழுவதும் பார்த்து, அப்படி ஒன்றும் இதில் இல்லை என்று சொன்னேன்.

ஷிஜி பெஞ்சில் உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்க புத்திக்கு வேணும். சும்மா கெடச்சத வாங்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "அண்ணே, இத ஆருகிட்டயும் சொல்லண்டாம். தம்பி தாறான்னு ஊருக்கு முன்னால சொல்லிட்டேன். இப்ப இல்லாத வீட்ட நம்பியாக்கும்னு தெரிஞ்சா சிரிப்பாங்க. ஒங்களுக்க காரியத்த நானும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவர் மானத்தை மற்றவர் கையில் கொடுத்துக்கொண்டார்கள். சாட்சியாக நான் நின்றேன்.

அந்த வருடம் மழை தாராளமாகப் பெய்தது. ஒரு விடியற்காலை சமையலறைப் பக்கக் கூரை உள்ளே விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. ஷிஜி நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். தாணுலிங்கம் கடைக்குப் போகிற வழி அது. மறுநாளே என்னை வந்து பார்த்தார். கடையிலிருந்து ஷீட் அனுப்புகிறேன், ஆளையும் அனுப்புகிறேன், நீ கூட வா என்றார். போனோம். ஷிஜி எங்களை முற்றத்திலேயே நிறுத்திவிட்டாள்.

"வேண்டாம்ணே. ஒங்க கடை ஷீட்டு எனக்க கூரைல ஏறினா, தம்பி என்ன செய்தான்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"ஆரும் கேக்க மாட்டாங்க ஷிஜி."

"ஒங்களுக்குத் தெரியாது. என்னைத்தான் கேப்பாங்க."

அவர் திரும்பி நடந்தார். அன்றிலிருந்து கடைக்குக் கோவில் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். ஆனால் ஊரை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ரேஷன் கடை ஒன்றுதானே. ஒருநாள் அங்கே ஜிஜா எல்லாரும் கேட்க, "என்ன சேச்சி, தம்பி இன்னும் அனுப்பல்லியா?" என்று விசாரித்தாள். வஞ்சமில்லாத கேள்வி. "ஓணத்துக்கு வருவான். வந்துட்டு நின்னு செய்யணும்னு சொல்லியிருக்கான்" என்றாள் ஷிஜி. வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற தாணுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். ஓணம் வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, தார்ப்பாய் வெளுத்துக் கிழிந்தது, டெனில் வரவில்லை.

தாணுலிங்கம் உருகிப்போனார். பத்திரிகை வாசிக்க வருவதை நிறுத்திவிட்டார். கடையில் அப்பாவைப் பற்றிய பேச்சும் நின்றுபோனது. வெட்கம் என்றால் என்னவென்று அந்த வருடம் நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்பதல்ல, தெரிந்த ஒருத்தி தெரியாததுபோல நடந்துகொள்கிறாளே என்பதுதான் அவரை அரித்தது. எதிரில் வந்தால் அவள் முன்னைவிட மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவாள்.

பிப்ரவரியில் ஷிஜி ஒருநாள் என்னிடம் வந்தாள். "புது லிஸ்ட்டு எடுக்கப்போறாங்கல்லா? மெம்பர வீட்டுல தனியாப் போய்ப் பாக்கலாம்னு நினைச்சேன். தம்பிக்கு வேலை போச்சுன்னு சொல்லிக்கிடலாம்" என்றாள். நல்ல யோசனைதான், கருத்தரங்கு முடியட்டும், நானும் கூட வருகிறேன் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

கருத்தரங்குக்கு முந்தின நாள் தாணுலிங்கம் வந்தார்.

"நாளைக்கு நன்றியுரைல எல்லாத்தையும் சொல்லியிருவேன் மக்கா. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதுன்னும், ஷிஜிக்கு வீடு போனது என்னாலயாக்கும்னும். இனி தாங்க முடியாது."

"ஷிஜிகிட்ட கேட்டியளா?"

"எனக்க தப்ப நான் சொல்லியதுக்கு அவகிட்ட என்னத்துக்குக் கேக்கணும்?"

"கேளுங்கண்ணே. இதுல அவ பேரும் உண்டு" என்றேன். அவள் மெம்பரைத் தனியாகப் பார்க்கப் போகிறாள் என்பதையும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு வருடம் சுமந்ததை இறக்கி வைக்கப்போகிறவனுக்கு, அது யார் காலில் விழும் என்று பார்க்கப் பொறுமை ஏது?

மறுநாள் பேராசிரியர் நேரத்துக்கே வந்துவிட்டார். பட்ஜெட்டின் நிறைகுறைகளை விலாவாரியாக அலசினார். "அடுத்ததாக நன்றியுரை" என்றார் ராஜதாஸ். நாற்காலிகள் நகர்ந்தன. தாணுலிங்கம் கையில் தாள் இல்லாமல் மைக் முன்னால் வந்து நின்றபோது மண்டபத்தில் நானும், பின்வரிசையிலிருந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஷிஜியும்தான். வெளியே வடைக்கு நல்ல கூட்டம்.

அவர் தொடங்கினார். மலையாளத்தில் அல்ல, தமிழில். போன வருடம் தான் வாசித்தது தமிழ்நாட்டுப் பட்ஜெட் என்றார். தனக்கு மலையாள எழுத்துத் தெரியாது என்றார். சொல்லி முடித்த பிறகுதான் எதிரே பார்த்தார். நாற்காலிகள்தான் இருந்தன. ஒரு வருடம் முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள் அத்தனையும் வழக்கம்போல மரத்திடமும் பிளாஸ்டிக்கிடமும் போய்ச் சேர்ந்தன. ஷிஜி கையில் ஒரு நாற்காலியோடு அசையாமல் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் கொஞ்சம் மூச்சு விட்டதுபோல எனக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லையே.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த மனிதருக்கு விடத் தெரியவில்லை.

"குழாய் ஸ்பீக்கருக்க சுவிட்ச் எதாக்கும் மக்கா?"

"வேண்டாம்ணே" என்றேன். அவர் என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தானே தட்டிவிட்டார். தென்னையில் இருந்த ஸ்பீக்கர் ஒருமுறை கீச்சிட்டது. வெளியே பேச்சு சட்டென்று நின்றது. அவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை கூரை விழுந்ததையும் சொன்னார். ஷிஜி பழுதுபார்க்கும் உதவியை வேண்டாம் என்று சொன்னது தன் பேச்சை நம்பித்தான், தம்பி தருவான் என்பதற்காக அல்ல, அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றமெல்லாம் தன்மேல்தான் என்றார். சர்ச் வரை கேட்டிருக்கும், ரேஷன் கடை வரை கேட்டிருக்கும். முடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர். முகத்தில் பாரம் இறங்கியவனின் களை.

தாணுலிங்கத்துக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதாமே என்று யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவரும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னல் பக்கமிருந்து அகிலேஷ் என்கிற ஊர்ப் பையன், கையில் டீ கிளாஸோடு, பக்கத்துக்காரனிடம் கேட்டது மட்டும் உள்ளே தெளிவாகக் கேட்டது.

"அப்போ மஸ்கட்டுக்காரன் ஒண்ணும் தாறேன்னு சொல்லவே இல்லியோ?"

ஜன்னல்களில் முகங்கள் வந்தன. எல்லாம் ஷிஜியைப் பார்த்தன.

"அண்ணே" என்றாள் ஷிஜி. நாற்காலியை இன்னும் கீழே வைக்கவில்லை. "ஒங்களுக்க காரியத்த நான் ஒரு வருசமா ஆருகிட்டயும் சொல்லல்லியே. எனக்க காரியத்த நீங்க என்னத்துக்குச் சொன்னீங்க?"

தாணுலிங்கம் கையில் மைக்கோடு அவள் பக்கத்தில் போனார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். முகத்தில் வந்திருந்த களை அப்படியே வடிந்துபோனது. இனி இறக்கி வைக்க முடியாத ஒன்று அவர் தோளில் ஏறியதை நான் நேரில் பார்த்தேன்.

ஜிஜா வாசலுக்கு வந்தாள். நல்ல பெண் என்று சொன்னேனே, அந்த நல்ல மனதோடு, அந்தப் பெரிய குரலோடு வந்தாள்.

"என்ன சேச்சி, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? இதுக்குப் போயி தம்பி அது இதுன்னு கள்ளம் சொல்லணுமா? போகட்டு. இந்தத் தடவ பேரச் சேத்துத் தாறேன். அடுத்த மழைக்கு முன்ன கூரை போட்டுக்கிடலாம்."

வெளியே நாலு பேர் தலையாட்டினார்கள். எல்லாரும் ஷிஜியின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். கிடைப்பதை ஒருமுறை வேண்டாம் என்று சொன்னவள் இப்போது என்ன சொல்வாள் என்று பார்க்கிற பார்வை. அவள் நாற்காலியை அடுக்கின் மேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜிஜாவைப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி மெம்பரே."

மைக் தாணுலிங்கத்தின் கையில்தான் இருந்தது. அவர் அணைக்கவில்லை. அவள் சொன்னது தென்னையிலிருந்து ஊர் முழுக்கக் கேட்டது. நான் போய் சுவிட்சை அணைத்தேன்.